பெட்டியைப் பார்க்காதீர்கள், சிப்பைப் பாருங்கள்!

பழைய ஹார்ட் டிஸ்க்கை வெளியே வைத்துப் பயன்படுத்த சில நூறு ரூபாயிலேயே கேசிங் கிடைக்கிறது. வெளியில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே அப்படி இல்லை. கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

லேப்டாப் ஒரு நாள் திடீரென்று ஆன் ஆகாமல் போகும். சர்வீஸ் கடைக்காரர் திருகுகளைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சு சார். இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்பார். அதைக் கேட்டதும் பலர் லேப்டாப்போடு சேர்த்து அதற்குள் இருந்த எல்லாவற்றையும் தலைமுழுகிவிடுகிறார்கள். போனது மதர்போர்டு மட்டும்தான். அதே பெட்டிக்குள் திருகிவைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

தமிழ்நாட்டில் இது பல வீடுகளின் கதை. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான மாணவர்கள் லேப்டாப் பெற்றார்கள். அவற்றில் பல இன்று பேட்டரி உப்பி, மூடி உடைந்து பரண்மேல் கிடக்கின்றன. கல்லூரி ப்ராஜெக்ட், சுற்றுலாப் படங்கள், வேறெங்கும் பிரதி இல்லாத குடும்ப வீடியோக்கள் எல்லாம் உள்ளே இருக்கும் 2.5 இன்ச் டிஸ்க்கில் அப்படியே இருக்கக்கூடும். அந்த டிஸ்க்கைக் கழற்றி ஒரு கேசிங்கில் போட்டு, யூஎஸ்பி வயரை வேறொரு கம்ப்யூட்டரில் செருகினால் போதும்.

சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ தேடினால் பிளாஸ்டிக், அலுமினியம், கண்ணாடி மாதிரி தெரியும் மூடி எனக் கேசிங்குகள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றின் விலை முந்நூறு ரூபாய். அதே உருவத்தில் இன்னொன்று ஆயிரத்துக்கு மேல். "எல்லாம் ஒண்ணுதான் சார், எது பிடிச்சிருக்கோ எடுங்க" என்று சொல்லும் கடைக்காரர்களும் உண்டு. ஒன்று இல்லை. நாம் காசு கொடுப்பது மூடிக்கு அல்ல. உள்ளே விரல் அகலத்தில் இருக்கும் ஒரு சர்க்யூட் போர்டுக்கும், அது டிஸ்க்குக்குத் தரும் மின்சாரத்துக்கும்தான். டிஸ்க் ஒழுங்காக ஓடுமா, பாதியில் கழன்றுகொள்ளுமா என்பதை இந்த இரண்டும்தான் முடிவு செய்கின்றன.

முதலில் டிஸ்க்கைக் கையில் எடுங்கள்

கடையில் முதல் கேள்வியே, "டூ பாயிண்ட் ஃபைவா, த்ரீ பாயிண்ட் ஃபைவா?" என்பதுதான். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் இருக்கும் கனமான டிஸ்க் 3.5 இன்ச். லேப்டாப்பில் இருக்கும் உள்ளங்கை அளவு டிஸ்க் 2.5 இன்ச், சாட்டா வகை எஸ்எஸ்டியும் இதே அளவுதான். 3.5 இன்ச் கேசிங்கில் 2.5 இன்ச் டிஸ்க்கைப் போட்டுவிடலாம். தலைகீழாக முடியாது.

அளவு தெரிந்துவிட்டது என்று உடனே பணத்தை எடுக்காதீர்கள்; கனத்தையும் பாருங்கள். பழைய லேப்டாப் டிஸ்க்குகள் 9.5 மில்லிமீட்டர் தடிமன். பின்னால் வந்த மெல்லிய லேப்டாப்களில் 7 மில்லிமீட்டர். 4 டிபி, 5 டிபி கொள்ளளவுள்ள 2.5 இன்ச் டிஸ்க்குகள் 15 மில்லிமீட்டர் வரை போகும். சந்தையில் இருக்கும் பெரும்பாலான கேசிங்குகள் 9.5 வரைதான் தாங்கும். சில 7 மட்டுமே. அட்டைப்பெட்டியின் பின்புறத்தில் சின்ன எழுத்தில் இது அச்சிடப்பட்டிருக்கும்.

அடுத்தது, டிஸ்க்கின் வாய். எல் வடிவத்தில் தட்டையான இரண்டு இணைப்புகள் இருந்தால் அது சாட்டா. 2003-க்குப் பிறகு மெல்ல மெல்ல எல்லாக் கம்ப்யூட்டர்களும் இதற்கு மாறிவிட்டன. ஊசி ஊசியாக இரண்டு வரிசை பின்கள் இருந்தால் அது அதற்கு முந்தைய ஐடிஇ வகை. டெஸ்க்டாப் டிஸ்க்கில் 40 பின்கள், லேப்டாப் டிஸ்க்கில் 44. இதற்கான கேசிங் இப்போது அரிது. ஐடிஇ, சாட்டா இரண்டையும் ஏற்கும் கன்வெர்ட்டர் கேபிளைத் தேடிப் பிடித்து, டேட்டாவை நகலெடுத்துக்கொண்டு, அந்த டிஸ்க்குக்கு ஓய்வு கொடுத்துவிடுவதே நல்லது.

சமீபத்திய லேப்டாப் என்றால் உள்ளே சுயிங்கம் பட்டை மாதிரி ஒரு எம்.2 எஸ்எஸ்டி இருக்கும். பலரும் பணத்தைக் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரே உருவத்தில் இரண்டு வகை எம்.2 உண்டு: ஒன்று சாட்டா, மற்றொன்று என்விஎம்இ. ஒன்றுக்கான கேசிங்கில் மற்றொன்று வேலை செய்யாது. முனையில் இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. விதிவிலக்குகள் இருப்பதால் ஸ்டிக்கரில் எழுதியிருப்பதைப் படிப்பதே உத்தமம். நீளமும் முக்கியம். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2230, 2242 என்ற குட்டி வகைகளும் இருக்கின்றன. எல்லா நீளத்துக்கும் திருகுத் துளை உள்ள கேசிங்கை வாங்கினால் நாளை வேறொன்று வந்தாலும் பயன்படும்.

சில கருவிகளுக்கு இந்த வழியே கிடையாது. சமீப ஆண்டுகளில் வந்த மேக்புக்குகளிலும், விலை குறைந்த சில விண்டோஸ் லேப்டாப்களிலும் ஸ்டோரேஜ் சிப்பை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். கழற்ற எதுவும் இருக்காது.

கழற்றவே முடிந்தாலும் இன்னொரு பூட்டு காத்திருக்கலாம். விண்டோஸ் 10, 11 உள்ள பல லேப்டாப்களில் பிட்லாக்கர் எனப்படும் மறையாக்கம் உரிமையாளருக்கே தெரியாமல் இயங்கிக்கொண்டிருக்கும். அந்த டிஸ்க்கைக் கேசிங்கில் போட்டதும் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். லேப்டாப்பில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தீர்களோ, பொதுவாக அந்தக் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கும். லேப்டாப் நன்றாக ஓடும்போதே அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

உள்ளே உட்கார்ந்திருக்கும் துபாஷி

ஹார்ட் டிஸ்க்குக்கு யூஎஸ்பி மொழி தெரியாது. அது பேசுவது சாட்டா. என்விஎம்இ என்றால் பிசிஐஇ. கம்ப்யூட்டரின் வெளிவாயில் பேசுவது யூஎஸ்பி. அந்தக் காலத்தில் வெள்ளைக்கார வியாபாரிக்கும் உள்ளூர்க்காரருக்கும் நடுவில் துபாஷி நின்றதுபோல, கேசிங்கின் போர்டில் இருக்கும் பிரிட்ஜ் சிப் இருபக்கமும் மொழிபெயர்க்கிறது. துபாஷி கெட்டிக்காரராக இருந்தால் பேச்சு தடையில்லாமல் நடக்கும். அரைகுறை என்றால் இரண்டு பக்கமும் குழம்பும்.

கேசிங்கின் மேல் நூறு பிராண்டு பெயர்கள் இருக்கலாம். உள்ளே இருக்கும் சிப்பைச் செய்வது பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய தைவான் நிறுவனங்கள்தான்: ஜேமைக்ரான், ஏஎஸ்மீடியா, ரியல்டெக் போன்றவை. சாட்டா டிஸ்க்குக்கு ஜேமைக்ரானின் ஜேஎம்எஸ்578, ஏஎஸ்மீடியாவின் ஏஎஸ்எம்1153இ ஆகியவை பரவலாகப் புழங்கும் சிப்கள். என்விஎம்இ-க்கு ஜேஎம்எஸ்583, ஏஎஸ்எம்2362 ஆகியவை உண்டு. ரியல்டெக்கின் ஆர்டிஎல்9210பி என்ற சிப் என்விஎம்இ, சாட்டா இரண்டு வகை எம்.2-வையும் ஏற்கும், எந்த வகை என்று உறுதியாகத் தெரியாதவர்களுக்கு இது வசதி. நேர்மையான தயாரிப்பாளர்கள் சிப்பின் பெயரை விவரக்குறிப்பில் அச்சிடுகிறார்கள். பெயரே இல்லாத கேசிங்கில் எது இருக்கும் என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும்.

நல்ல சிப்பை எப்படி அடையாளம் காண்பது? நான்கு விஷயங்கள்.

முதலாவது, யூஏஎஸ்பி. பழைய முறையில் கம்ப்யூட்டர் ஒரு கட்டளை கொடுத்து, டிஸ்க் அதை முடித்துச் சொன்ன பிறகுதான் அடுத்ததைக் கொடுக்கும். யூஏஎஸ்பி உள்ள சிப் பல கட்டளைகளை ஒரே நேரத்தில் வாங்கி வரிசைப்படுத்தும். சுழலும் டிஸ்க்கில் பெரிய ஒரே ஃபைலை நகலெடுக்கும்போது இதில் அதிக வித்தியாசம் தெரியாது. எஸ்எஸ்டியில் ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களைக் கையாளும்போது நன்றாகத் தெரியும். விண்டோஸ் 8 முதல் இதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது.

இரண்டாவது, டிரிம். எஸ்எஸ்டியில் அழித்த ஃபைல்களின் இடம் இனித் தேவையில்லை என்று அதற்குச் சொல்லும் கட்டளை இது. சிப் இதைக் கடத்தாவிட்டால் நாளடைவில் எஸ்எஸ்டி எழுதும் வேகம் குறையும்.

மூன்றாவது, ஸ்மார்ட் தகவல். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும்: எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை செக்டர்கள் பழுதாகி மாற்றப்பட்டன, இப்போது எவ்வளவு சூடு. சிப் இதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லாவிட்டால், சாகப்போகும் டிஸ்க் கடைசிவரை ஆரோக்கியமாகவே தோன்றும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளை ஓட்டினால் தகவல் வருகிறதா என்று தெரிந்துவிடும்.

நான்காவது, கொள்ளளவு. பழைய கேசிங்குகள் பல 2 டிபி-யோடு நின்றுவிடும். 512 பைட் கொண்ட செக்டர்களை 32 பிட் எண்ணால் எண்ணினால் சுமார் 2.2 டிபி-யில் எண்ணிக்கை தீர்ந்துவிடுகிறது. 3 டிபி டிஸ்க்கைப் பழைய கேசிங்கில் போட்டவர்களுக்கு 746 ஜிபி என்று காட்டியது இதனால்தான். எண்ணிக்கை தீர்ந்ததும் சிப் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடுகிறது. அந்த நிலையில் அதில் எதையும் எழுதவே கூடாது.

இந்தச் சிக்கலுக்குச் சில தயாரிப்பாளர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி வேறொரு தலைவலியைக் கொண்டுவந்தது. செக்டரின் அளவு 512 இல்லை, 4096 என்று அவர்களது சிப் கம்ப்யூட்டரிடம் சொல்லும். வேலை நடக்கும். ஆனால் அதே டிஸ்க்கைக் கழற்றி வேறு கேசிங்கிலோ நேரடியாகக் கம்ப்யூட்டரிலோ மாட்டினால், "இந்த டிஸ்க் ஃபார்மேட் செய்யப்படவில்லை" என்று வரும். டேட்டா அழியவில்லை; பழைய கேசிங்கில் மறுபடி போட்டால் எல்லாம் தெரியும். இது தெரியாமல் ஃபார்மேட் கொடுத்துவிட்டால்தான் இழப்பு.

பெரிய நிறுவனங்கள் சீல் வைத்து விற்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளிலும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. சில மாடல்களில் பிரிட்ஜ் சிப்பே எல்லா டேட்டாவையும் மறையாக்கம் செய்து எழுதும், நீங்கள் பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும்கூட. யூஎஸ்பி வாய் உடைந்துவிட்டது என்று உள்ளே இருக்கும் டிஸ்க்கை எடுத்து வேறு கேசிங்கில் போட்டால் வெறும் குப்பையாகத்தான் தெரியும். இன்னும் சில 2.5 இன்ச் மாடல்களில் சாட்டா வாயே இருக்காது. யூஎஸ்பி வாய் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். தனியாகக் கேசிங்கும் டிஸ்க்கும் வாங்குபவருக்கு இந்தச் சிறை இல்லை. கேசிங் கெட்டால் கேசிங்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

வேகம்: எண்களின் திருவிளையாடல்

2008-இல் வந்த யூஎஸ்பி 3.0-வின் வேகம் 5 ஜிபிபிஎஸ். 2013-இல் அதற்கே யூஎஸ்பி 3.1 ஜென் 1 என்று பெயர் வைத்தார்கள். 2017-இல் யூஎஸ்பி 3.2 ஜென் 1 என்று மாற்றினார்கள். பெயர் மூன்று, சரக்கு ஒன்று. ஆகவே அட்டையில் 3.2 என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 5 ஜிபிபிஎஸ், 10 ஜிபிபிஎஸ், 20 ஜிபிபிஎஸ், 40 ஜிபிபிஎஸ் என்ற எண்ணைத் தேடுங்கள். டைப்-சி என்பதும் வாயின் வடிவம் மட்டுமே. யூஎஸ்பி 2.0 வேகத்தில் ஓடும் டைப்-சி கேசிங்கும் உலகில் உண்டு.

அதிக எண் எப்போதும் நல்லதா? சுழலும் டிஸ்க்குக்குத் தேவையே இல்லை. 2.5 இன்ச் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 140 எம்பி வரைதான் கொடுக்கும், நல்ல 3.5 இன்ச் டிஸ்க் 200-ஐச் சற்றுத் தாண்டலாம். 5 ஜிபிபிஎஸ் இணைப்பு நடைமுறையில் 400 எம்பிக்கு மேல் கடத்தும். எனவே சுழலும் டிஸ்க்குக்கு 10 ஜிபிபிஎஸ் கேசிங் வாங்குவது காசை ஆற்றில் போடுவது. சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி வரை போகும் என்பதால், 10 ஜிபிபிஎஸ் கேசிங்கில் அதற்குக் கொஞ்சம் ஆதாயம் உண்டு. என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு 10 ஜிபிபிஎஸ்தான் தொடக்கப்புள்ளி. அதில் நொடிக்கு 1,000 எம்பி அளவுக்கு எதிர்பார்க்கலாம். 20 ஜிபிபிஎஸ் வாங்கும் முன் உங்கள் கம்ப்யூட்டரில் அதற்கான போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பல லேப்டாப்களில் இல்லை. இல்லாவிட்டால் அது 10-க்கு இறங்கிவிடும். 40 ஜிபிபிஎஸ் யூஎஸ்பி4 கேசிங்குகள் விலை கூடியவை. நேரடியாக எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வைத்தே வீடியோ எடிட் செய்பவர்களுக்கு மட்டும் அவை பொருந்தும்.

நடைமுறைக் கணக்கு ஒன்று. 500 ஜிபி கல்யாண வீடியோவை நகலெடுக்க வேண்டும். யூஎஸ்பி 2.0 கேசிங்கில் நொடிக்கு 35 எம்பி வீதம் சுமார் நான்கு மணி நேரம். அதே சுழலும் டிஸ்க்கை யூஎஸ்பி 3.0 கேசிங்குக்கு மாற்றினால் 100 எம்பி வீதம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். இரண்டு பக்கமும் வேகமான எஸ்எஸ்டி இருந்து, 10 ஜிபிபிஎஸ்ஸில் அதே வேகம் கடைசிவரை நிலைத்தால் பத்து நிமிடத்துக்குள் ஆகிவிடும். 2.0-விலிருந்து 3.0-வுக்கு மாறுவதுதான் வாழ்க்கையை மாற்றும் முதல் படி. யூஎஸ்பி 2.0 கேசிங்கை இன்று எந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

டிக் டிக் சத்தம் எப்போதும் மரண ஓலம் இல்லை

கேசிங்கில் போட்ட டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் மின்சாரத்தைச் சந்தேகப்படுங்கள்.

2.5 இன்ச் டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும், யூஎஸ்பி வயரிலேயே அது கிடைத்துவிடும். விதிப்படி யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தரும், 3.0 போர்ட் 900. ஆனால் ஓடத் தொடங்கும் அந்த முதல் சில நொடிகளில் பல டிஸ்க்குகள் ஒரு ஆம்பியர் வரை இழுக்கும். பழைய கம்ப்யூட்டரின் முன்பக்க போர்ட், டிவியின் யூஎஸ்பி போர்ட், தனி மின்சாரம் இல்லாத யூஎஸ்பி ஹப், மெல்லிய நீளமான வயர் ஆகியவை அதைத் தராமல் போகலாம். தட்டு சுழலப் பார்க்கும், முடியாமல் நிற்கும், மறுபடி முயலும். அந்தச் சத்தம்தான் கேட்கிறது. டெஸ்க்டாப்பின் பின்பக்க போர்ட்டில், குட்டையான வயரில் மாட்டிப் பாருங்கள். ஒரு முனையில் இரண்டு யூஎஸ்பி தலைகள் உள்ள ஒய் கேபிளும் உதவும். நல்ல மின்சாரத்திலும் அதே சத்தம் தொடர்ந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

3.5 இன்ச் டிஸ்க்கின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும். அது யூஎஸ்பியில் வராது என்பதால், அடாப்டர் இல்லாத 3.5 இன்ச் கேசிங் என்று யாராவது சாதாரண யூஎஸ்பி பெட்டியை நீட்டினால் வாங்காதீர்கள். அடாப்டர் 12 வோல்ட், 2 ஆம்பியர் இருப்பது நல்லது. வைஃபை ரவுட்டரின் அடாப்டரும் 12 வோல்ட்தான், ஜாக்கும் பல நேரங்களில் பொருந்தும். ஆனால் ரவுட்டருக்கு வருபவை பெரும்பாலும் சிறியவை, டிஸ்க் கிளம்பும்போது திணறும். இதைவிட ஆபத்து, 19 வோல்ட் லேப்டாப் சார்ஜரை ஜாக் பொருந்துகிறதே என்று மாற்றிச் செருகுவது. கேசிங்கோடு டிஸ்க்கும் போய்விடும். அடாப்டரின் மேல் மார்க்கரால் 'டிஸ்க்' என்று எழுதி வைப்பது ஒரு காசு செலவில்லாத காப்பீடு.

அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கும், 3.5 இன்ச் கேசிங்குக்கு இருக்காது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்க் மட்டும் அணையும். ஃபைல் அமைப்பு சிதையலாம். அதை யூபிஎஸ் உள்ள பிளக்கில் மாட்டுங்கள்.

அலுமினியமா, பிளாஸ்டிக்கா?

பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் வகுத்த உச்ச வெப்பம் 60 டிகிரி செல்சியஸ். மே மாதத்தில் அறையே 38 டிகிரி இருக்கும்போது, காற்று புகாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் மணிக்கணக்கில் ஓடும் 3.5 இன்ச் டிஸ்க் அந்த எல்லையை நெருங்கும். அதற்காகச் சூடு என்றாலே பதற வேண்டியதும் இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து கூகுள் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட கட்டுரை, மிதமான வெப்பத்துக்கும் டிஸ்க் பழுதாவதற்கும் எல்லோரும் நினைத்த அளவுக்குத் தொடர்பு இல்லை என்றது. மிக அதிக வெப்பத்திலும், வயதான டிஸ்க்குகளிலும்தான் அந்தத் தொடர்பு தென்பட்டது.

ஆகவே வாரம் ஒரு முறை எடுத்துப் படங்களை நகலெடுக்கும் 2.5 இன்ச் டிஸ்க்குக்குப் பிளாஸ்டிக் போதும். நாள் முழுதும் ஓடும் 3.5 இன்ச் டிஸ்க்குக்கு அலுமினியமும் காற்றோட்டமும் வேண்டும். பெட்டியில் ஃபேன் இருந்தால் இன்னும் நல்லது, சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால். என்விஎம்இ-க்கு அலுமினியத்தில் சமரசமே கூடாது. சூடு கூடினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெரிய ஃபைல் பாதிவரை பறந்துவிட்டுப் பிறகு நொண்டும். சிப்புக்கும் உலோக மூடிக்கும் நடுவே வைக்கும் மெத்தென்ற தெர்மல் பேட் கேசிங்கோடு வரும். அதன் இருபக்க பிளாஸ்டிக் தாளையும் உரித்துவிட்டு ஒட்டுங்கள். கேசிங் கையில் சுட்டால் அது கோளாறு அல்ல. சூடு வெளியே வருகிறது என்று அர்த்தம்.

வயரும் வாயும்

கேசிங்கில் முதலில் பழுதாவது பெரும்பாலும் வயர் செருகும் வாய்தான். 3.0 காலத்தில் வந்த தட்டையான, இரட்டைத் தலை மைக்ரோ-பி வாய் எளிதில் ஆட்டம் காணும். பையில் செருகியபடியே திணித்தால் இன்னும் சீக்கிரம். இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் டைப்-சி வாய் உள்ளதை எடுங்கள். மலிவான சில கேசிங்குகளில் இரு முனையும் ஒரே மாதிரியான, கம்ப்யூட்டரில் செருகும் செவ்வகத் தலையுள்ள வயர் வரும். இது யூஎஸ்பி விதிகளுக்கு உட்பட்ட ஏற்பாடு அல்ல. வயர் தொலைந்தால் சரியான மாற்று கிடைப்பதும் கஷ்டம்.

டைப்-சி வயர்களிலும் ஏமாற்றம் உண்டு. போன் சார்ஜருடன் வந்த வயர் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 வேகத்தில்தான் டேட்டா கடத்தும். புதுக் கேசிங் மெதுவாக ஓடினால் முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். டிஸ்க்கை மாட்டியதும் வயர்லெஸ் மவுஸ் திக்கித் திணறுகிறதா? இன்டெல் 2012-லேயே இதை ஆராய்ந்து வெளியிட்டது: யூஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடுகிறது. மவுஸின் ரிசீவரை எதிர்ப்பக்க போர்ட்டுக்கு மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

டாக் வாங்கலாமா?

ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்களுக்குக் கேசிங்கைவிட டாக் வசதி. டோஸ்டரில் ரொட்டி வைப்பதுபோல மேலிருந்து டிஸ்க்கைச் செருகினால் போதும். ஸ்டுடியோக்காரர்களும் சர்வீஸ் கடைகளும் இதைத்தான் வைத்திருப்பார்கள். தூசி, கை தட்டுதல் இரண்டுக்கும் பாதுகாப்பு இல்லை என்பதால் நிரந்தரமாக ஓடவிட ஏற்றதல்ல.

இரண்டு டிஸ்க் ஏற்கும் டாக்குகளில் குளோன் பட்டன் ஒன்று இருக்கும். கம்ப்யூட்டரே இல்லாமல் ஒரு டிஸ்க்கை இன்னொன்றுக்கு அப்படியே நகலெடுத்துவிடும். எது மூலம், எது நகல் என்று டாக்கின் மேல் குறித்திருக்கும். மாற்றிச் செருகிப் பட்டனை அழுத்தினால் காலி டிஸ்க்கின் வெறுமை உங்கள் டேட்டாவின்மேல் ஏறிவிடும். இரண்டு டிஸ்க்கை ஒன்றாகக் காட்டும் ரெய்டு 0 வசதி உள்ள பெட்டிகளும் உண்டு. வேகம் கூடும், ஆனால் இரண்டில் ஒன்று பழுதானாலும் இரண்டிலும் இருந்தது போய்விடும்.

மாட்டிய பிறகு: கையைக் கட்டுங்கள்

* 'ஃபார்மேட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வேறு போர்ட், வேறு கேசிங், வேறு கம்ப்யூட்டர் என்று பார்த்த பிறகுதான் அடுத்த முடிவு.
* டிஸ்க் பழுதாகிக்கொண்டிருப்பது தெரிந்தால் கேசிங்கில் போட்டு ஃபைல் ஃபைலாக இழுக்காதீர்கள். பழுதான செக்டரில் சிக்கும்போது யூஎஸ்பி சிப் பொறுமையிழந்து டிஸ்க்கையே துண்டித்துவிடும். கம்ப்யூட்டரின் சாட்டா வாயில் நேரடியாக மாட்டி முழு நகல் எடுப்பதே முறை. டேட்டா விலைமதிப்பற்றது என்றால் நிபுணரிடம் கொடுத்துவிடுங்கள்.
* புதிதாக ஃபார்மேட் செய்யும்போது எஃப்ஏடி32 வேண்டாம். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை அது ஏற்காது. விண்டோஸ், மேக் இரண்டிலும் பயன்படுத்த எக்ஸ்ஃபேட் பொருந்தும். விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ்.
* சுழலும் டிஸ்க் ஓடும்போது நகர்த்தாதீர்கள். 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்து, சுழற்சி நின்ற பிறகு கழற்றுங்கள்.

யாருக்கு எது?

பழைய லேப்டாப் டிஸ்க்கில் இருக்கும் படங்களை மீட்டால் போதும் என்பவருக்கு, 9.5 மில்லிமீட்டர் ஏற்கும் யூஎஸ்பி 3.0 சாட்டா கேசிங் போதுமானது. திருகு இல்லாமல் மூடியைத் தள்ளித் திறக்கும் வகையாக இருந்தால் அடுத்த டிஸ்க்குக்கும் எளிதாக மாற்றலாம். லேப்டாப்பின் எஸ்எஸ்டியைப் பெரிதாக மாற்றிவிட்டுப் பழையதை வீணாக்க விரும்பாதவருக்கு, ஆர்டிஎல்9210பி போன்ற சிப் உள்ள 10 ஜிபிபிஎஸ் அலுமினியக் கேசிங். வீட்டின் மொத்தப் படங்களையும் ஒரே இடத்தில் சேர்ப்பவருக்கு, 3.5 இன்ச் டிஸ்க், நல்ல அடாப்டர், ஸ்மார்ட் தகவல் காட்டும் சிப். கடைக்காரரிடம் கேட்க வேண்டியது மூன்றே கேள்வி: என்ன சிப்? எத்தனை டிபி வரை? மாற்றித் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்கான பதிலைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

இவ்வளவையும் பார்த்து வாங்கிய கேசிங்கும் செய்வது ஒரே வேலைதான்: டிஸ்க்கில் இருப்பதைப் படிக்க வழி தருவது. அதற்குள் இருக்கும் டிஸ்க் கீழே விழுந்தால் விழுந்ததுதான். லேப்டாப்பிலிருந்து எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, இடம் வேண்டும் என்று லேப்டாப்பில் அழிப்பவர்கள் 'பேக்கப் எடுத்துவிட்டேன்' என்று நினைக்கிறார்கள். எடுக்கவில்லை; இடம் மாற்றியிருக்கிறார்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்பது டேட்டா காப்போர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. சாதாரணக் குடும்பத்துக்கு இரண்டு பிரதிகள், அதில் ஒன்று அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ என்றாலே பெரிய முன்னேற்றம். கேசிங்குக்கு ஒதுக்கிய பட்ஜெட்டில் பணம் மிச்சமிருந்தால் இன்னும் வேகமான கேசிங்கைத் தேடாதீர்கள். அந்தப் பணம் இரண்டாவது டிஸ்க்குக்குப் போகட்டும்.